கும்பத்தடியில் மூன்று நாள்

மகன் கனடாவிலிருந்து வீடியோ அழைப்பில் கேட்டான்: "அம்மா, வீட்டுக்கு எது வேணும்? டப்லெட்டோ, புத்தகம் மட்டும் வாசிக்கிற ஈ-ரீடரோ? இப்ப ஒண்டுதான் அனுப்ப ஏலும்."

கேள்வி எனக்கும் என் கணவருக்கும் சேர்த்துத்தான். அவர் வாயைத் திறக்க முன்னமே நான் பதில் சொல்லிவிட்டேன். பாலுக்கு முன்னம் நான் பொங்கிவிடுவேன் என்று அவரே பகிடி பண்ணுவார்.

"டப்லெட்டை அனுப்படா. தங்கச்சி பாடம் கேப்பாள், உன்ரை முகத்தையும் பெரிசாப் பாக்கலாம், நானும் ஒரு நாடகம் பாப்பன்."

அவர் தபால் கந்தோரில் முப்பது வருடம் மற்றவர்களின் விலாசங்களை வாசித்துவிட்டு ஓய்வு பெற்றவர். பக்கத்தில் ஒரு நாவல் இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, கண்ணில் ஏறிய பிறகு, பேப்பரை யன்னலடிக்குக் கொண்டுபோய் மூக்கில் முட்ட வைத்துத்தான் வாசிப்பார். அன்றைக்கு மெதுவாகச் சொன்னார்:

"உந்த ஈ-ரீடரிலை எழுத்தைப் பெருப்பிக்கலாமாம். வெளிச்சமும் கண்ணிலை குத்தாதாம்."

"ஒரு ஆள் வாசிக்கிறதுக்கு ஒரு சாமானோ? வீட்டுக்குப் பொதுவா ஒண்டு எடுக்கிறதுதானே புத்தி?"

"ஓம், அதுவும் சரிதான்" என்றார். அந்த மனுசனின் பிழையே அதுதான். எதற்கும் ஓம்.

டப்லெட் வந்தது. காலையில் மகளிடம், பின்னேரத்தில் என்னிடம். மிச்ச நேரத்தில் அவரிடம் கொடுத்தால், பத்து நிமிடத்தில் கண்ணால் தண்ணீர் வழியும். சால்வையால் துடைத்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார். மகள்தான் தமையனுக்கு இரகசியமாகச் சொல்லியிருக்கிறாள். சில மாதத்தில் அவன் ஈ-ரீடரையும் வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பினான். அது எங்கள் நீர்வேலி வீட்டுப் படியேறியது நவராத்திரியின் ஏழாம் நாள்.

கடைசி மூன்று நாளும் சரசுவதிக்கு. எங்கள் வீட்டில் புத்தகம், கொப்பி, பேனை எல்லாம் சாமியறையில் பூசைக்கு வைத்த கும்பத்தடிக்குப் போய்விடும். பத்தாம் நாள் விசயதசமி, எங்கள் ஊரில் மானம்பூ என்போம். அன்று காலையில்தான் எடுத்து வாசிப்போம். அதுவரை ஒரு எழுத்தும் பார்க்கக்கூடாது. அவர் பெட்டியை மடியில் வைத்து விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பறித்தேன். ஓம், பறித்தேன். வேறு சொல் இல்லை.

"இஞ்சாரும், எழுத்து எவ்வளவு பெரிசாய் வருகுதெண்டு மட்டும் ஒருக்காப் பாத்திட்டு வைப்பமே?"

"கடவுளே! புதுச் சாமான், அதுவும் வாசிக்கிற சாமான். அம்பாளுக்கு வைச்சிட்டு எடுப்பம். மூண்டு நாளிலை என்ன குடி முழுகப்போகுதே?"

பெட்டியோடு கொண்டுபோய் கும்பத்தடியில் வைத்தேன். டப்லெட்டை மட்டும் வைக்கவில்லை. அது புத்தகமில்லை என்பது என் நியாயம். அந்த மூன்று நாளும் அதில் நாடகம் பார்த்தேன். அவர் சாமியறையில் கதிரையைக் கிட்டப் போட்டு, குனிந்து கும்பத்தடியையே பார்த்துக்கொண்டு இருந்தார். என்றைக்கும் இல்லாத பக்தி வந்துவிட்டது என்று நானும் நக்கலடித்தேன்.

மானம்பூவன்று காலை பூசை முடிய, மகள் பெட்டியைப் பிரித்து, எழுத்தை ஆகப் பெரிசாக்கித் தந்தாள். முதல் பக்கத்தில் ஏழெட்டு வரிதான். நான் அதன் திரைக் கண்ணாடியின் நடுவிலேயே ஒரு சந்தனப் பொட்டு வைத்து, அவர் கையில் கொடுத்தேன்.

"தெரியுதோ?"

"வடிவாத் தெரியுது."

எனக்குப் பெரிய பெருமை. அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் யன்னலடியில் இரண்டு கையாலும் அதை ஏந்திப் பிடித்தபடி இருப்பார். கதை எப்படி என்று கேட்டால், "நல்ல கதை. கொஞ்சம் ஆறுதலாய், மெல்ல மெல்லப் போகுது" என்பார்.

ஒரு கிழமை கழித்து, அவர் குளிக்கப்போன நேரம், அது என்ன கதை என்று பார்க்க எடுத்தேன். கண்ணாடியின் நடுவில் நான் வைத்த சந்தனம் காய்ந்து அப்படியே கிடந்தது. புத்தகத்தில் ஒரு தூசி கிடந்தாலும் ஊதித் துடைக்கிற மனுசன். விசையை அழுத்தினேன். பொட்டுக்குக் கீழே அதே முதல் பக்கம்.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினோம். உள்ளே இரத்தம் கசிந்துவிட்டது, இனி ஆளும் நிழலும் தெரியும், எழுத்துத் தெரியாது என்றார். என்றைக்கோ நடக்க இருந்ததுதான், உடனே வந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது, யாரிலும் பிழை இல்லை என்றும் சொன்னார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊரில் எத்தனை பேரை நான் குத்திக்காட்டியிருப்பேன்! இப்போது அந்தப் பழமொழி என் வாயில் வருவதில்லை.

வீட்டுக்கு வந்து, அவரைக் கதிரையில் இருத்திவிட்டுக் கேட்டேன்.

"எப்ப தொடக்கம்?"

"மானம்பூவண்டு விடியவே. எழும்பேக்கை கண்ணுக்குள்ளை கறுப்பாய் என்னவோ தொங்கிச்சுது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் உம்மைத்தானே திட்டித் தீர்ப்பீர்."

அடுத்த கேள்வியைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அப்ப அதுக்கு முதல் நாள்?"

"முதல் நாள் தெரிஞ்சது. மூண்டு நாளும் கும்பத்தடியிலை இருந்து அந்தப் பெட்டியிலை கிடந்த எழுத்தெல்லாம் வாசிச்சனான். எல்லாம் இங்கிலீசு. நாலைஞ்சு தரம் வாசிச்சிருப்பன்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சத்தம் கேட்டிருக்க வேண்டும். கையை நீட்டி என் தோளைத் தேடிப் பிடித்தார்.

"பயப்பிடாதையும்" என்றார். "நீர் வாசிக்கக்கூடாதெண்டு சொன்னது உள்ளுக்கை இருந்ததைத்தானே. நான் பெட்டியைத்தான் வாசிச்சனான்."