இருபது கசிவு மூட்டைகள்

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகும் சாலையில், உப்பளங்கள் கண்ணுக்கு மறையும் இடத்தில் இருக்கிறது இருசப்பனின் டயர் கடை. ஒரு கம்ப்ரசர், இரண்டு ஜாக்கி, மேலே தகரம். கடை சின்னது, கடைக்காரருடைய வாய்தான் பெரியது. உப்பு லாரி எது காற்றுப் பிடிக்க வந்தாலும், முதலில் சுத்தியலால் உள்பக்க டயரைத் தட்டிச் சத்தம் கேட்பார். பிறகு மேலே ஏறி மூட்டைகளை எண்ணுவார். எண்ணி முடித்ததும், அதிக மூட்டையை 'இறக்கு' என்று சண்டை தொடங்கிவிடும். டிரைவர்கள் அவருக்கு 'இறக்கு இருசப்பன்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சண்டைக்குக் காரணம் கசிவு மூட்டை. அளத்தில் வாரிய உப்பு ஈரத்தோடுதான் லாரி ஏறும். வழியெல்லாம் உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். இறக்குமிடத்தில் எடை குறைந்துவிடக் கூடாதென்று, முந்நூற்று அறுபது மூட்டைக்கு மேல் இன்னும் இருபதைப் போட்டு அனுப்புவார்கள். எப்படியும் கசிந்துவிடும் என்பது அவர்கள் பேச்சு. கசியும், யார் இல்லை என்றது? ஆனால் கசிந்து முடிவதற்குள் வண்டி பாதி தூரம் போயிருக்கும். அதுவும் உச்சி வெயிலில், கொதிக்கிற தார்ச்சாலையில். ஜோடியாகப் போட்டால் டயர் ஒன்றுக்கு இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கிலோ என்று பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கிறது. அதற்கு மேலும் கொஞ்சம் தாங்கும்தான். அந்தக் கொஞ்சத்தைத்தான் ஆளாளுக்குத் தங்களுடையது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

"அது பள்ளத்துக்கும் வெயிலுக்கும் வெச்சதுய்யா. ஜோடியில ஒண்ணு காத்து இறங்கிட்டா பக்கத்துல இருக்கிறது தனியா சொமக்கணுமே, அதுக்கு வெச்சது. உன் மூட்டைக்கு இல்ல" என்று இருசப்பன் தொண்டை வறளக் கத்துவார்.

ஒரு காலத்தில் அவரும் கத்தாத மனுஷன்தான். பத்தொன்பது வருடங்களுக்கு முன், பக்தவச்சலம் என்கிற டிரைவருக்கு, மூட்டை அதிகம் என்று தெரிந்தும், "தாங்கும்ணே, போய்ட்டு வா" என்று காற்றடித்து அனுப்பினார். கிளியனூர் கிட்டே டயர் வெடித்து வண்டி கவிழ்ந்தது. பக்தவச்சலத்துக்கு ஒரு கால் போய்விட்டது. இன்றைக்கும் கட்டையை ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்து, டீ குடித்து, சிரித்துப் பேசிவிட்டுப் போகிறார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் இருசப்பனுக்குத் தாங்கவில்லை.

போன மே மாதம், கோடை மழை பெய்த மறுநாள் மத்தியானம், அவர் மனைவி ஞானாம்பாளின் அண்ணன் கலியபெருமாள் லாரியோடு வந்து நின்றார். சேலத்துக்கு லோடு. மச்சான் என்றால் இருசப்பனுக்கு உயிர்; மச்சானுக்கோ மூக்கின் மேல் கோபம். டயரைத் தட்டியதில் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. மேலே ஏறிப் பார்த்தார். மழையில் ஊறிய மூட்டைகள், முந்நூற்று எண்பது.

"இருபது இறக்கிடு மச்சான்."

"அது கசிவு மூட்டை மாப்ள. விழுப்புரம் போறதுக்குள்ள வடிஞ்சிடும்."

"விழுப்புரம் போய்ச் சேரணுமே."

"இன்னா மாப்ள, உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? முப்பது வருஷமா ஓட்டுறேன். எனக்குத் தெரியாதா?" கலியபெருமாள் ஏறி வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

இருசப்பன் குனிந்தார். பின்டயர் ஒன்றின் வால்வு பின்னைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். புஸ்ஸென்று காற்று வெளியேறியது. சத்தம் கேட்டுக் கீழே குதித்த மச்சான் திட்டிய திட்டை எழுதினால் தாள் கருகிவிடும்.

அந்த நேரம் பார்த்து ஞானாம்பாள் சோற்றுக்கூடையோடு வந்து சேர்ந்தாள்.

"பாரும்மா, உன் புருஷன் நடுரோட்டுல என் மானத்தை வாங்குறாரு!"

பிறந்த வீட்டைப் பற்றி ஒரு சொல் சொன்னால் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாதவள் அவள். இன்றைக்குத் தொலைந்தோம் என்று இருசப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். ஞானாம்பாள் மூட்டைகளைப் பார்த்தாள், காற்று இறங்கிய டயரைப் பார்த்தாள்.

"அண்ணே, இவரு வாயைத் தொறந்தா எனக்கே எரிச்சலாத்தான் வரும். ஆனா காத்தடிக்கிற கையால காத்தைப் பிடுங்கி நான் பார்த்ததில்ல. இன்னிக்கு உனக்காகப் பிடுங்கியிருக்காரு பாரு. இறக்கிடுண்ணே."

கலியபெருமாள் யாரையும் கிட்டே விடாமல் இருபது மூட்டைகளையும் தானே கீழே தள்ளினார். மூட்டைக்கு ஒரு வசவு. இருசப்பன் ஜாக்கி கொடுத்து, பின்னைப் பொருத்தி, காற்றடித்தார்.

"இனிமே உன் கடைப்பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, தங்கச்சி போட்டு வைத்த சோற்றையும் தொடாமல் மச்சான் கிளம்பிவிட்டார்.

கோபம் வந்தால் போனை அணைத்துவிடுகிற ஆள் அவர். நாலு நாளாக அவர் வீட்டுக்கும் சேதி இல்லை. உப்பு மழையில் ஊறியிருந்ததே, இன்னும் பத்து மூட்டை இறக்கச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று இருசப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். ஞானாம்பாள் எப்போதும்போலச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போவாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

ஐந்தாம் நாள் காலையில் காலி லாரி கடைக்கு எதிரே வந்து நின்றது. கலியபெருமாள் இறங்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, சாலையில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினார்.

"பாத்தியா மாப்ள! சேலம் போய்ட்டு வந்துட்டேன். டயர் அத்தனையும் அப்படியே இருக்குது. ஒண்ணும் ஆகல! அந்த இருபது மூட்டை இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. பெரிய டயர் கண்டுட்ட நீ!"

எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். இருசப்பன் லாரியை விட்டுக் கண்ணை எடுக்காமல், மச்சானின் சிவந்த முகத்தையும், ஆட்டி ஆட்டிப் பேசுகிற கையையும் பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது.

"ஆமா மச்சான், ஒண்ணும் ஆகல" என்றார். "இன்னொரு தபா சொல்லு."