எபினேசர் என்னைக் காப்பி போட அனுப்பிய ஞாயிறு

எபினேசர் போய்விட்டார் என்று என் மகள் செல்வி சொன்னபோது நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். "எந்த எபினேசர்?" என்று கேட்டேன். எந்த எபினேசர் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன். சர்க்கரையில் காலில் வந்த புண் அவரை விடவில்லை. பொன்னேரி ஆஸ்பத்திரியில் விடியற்காலை உயிர் பிரிந்தது என்றாள். மீனை அப்படியே மூடி வைத்துவிட்டுப் புடவை மாற்றப் போனேன். அவரோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருந்தது. அது தீராமலே போய்விட்டார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் வண்டி நின்று அவருக்குப் போன் செய்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். ஒரு பழைய பெயிண்ட் டப்பாவைக் கையோடு கொண்டுவந்து, கவிழ்த்துப் போட்டு, வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். ஒயர் வேலைக்கு அவசரம் ஆகாது என்பார். வாய் ஓயாது. கரண்ட் பார்க்கிற மீட்டரை மாட்டிவிட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

ஒரு கம்பெனி வாட்ச்மேனுக்கு அவர் செய்ததை ஊரே சொல்லும். அங்கே நிறுத்தியிருந்த ஒரு காரில் தினமும் பேட்டரி இறங்கியது. வாட்ச்மேன்தான் உள்ளே படுத்துக்கொண்டு பாட்டுக் கேட்கிறான் என்று அவன் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தார்கள். எபினேசர் தன் போனை வீடியோ எடுக்கவிட்டு, அதை டிக்கிக்குள் வைத்து மூடினார். பிறகு எடுத்துப் பார்த்தால், மூடிய டிக்கிக்குள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. "செத்த பேட்டரிய திட்டாதீங்க. யாரு குடிக்கிறான்னு பாருங்க" என்றாராம். அந்த ஆள் இன்னும் அந்தக் கேட்டில்தான் நிற்கிறான்.

எங்கள் வீட்டுக் கதை வேறு. செல்வி ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். எங்கள் ஊர் மெயின் ரோட்டிலிருந்து உள்ளடங்கியது, கம்பெனி பஸ் வராது. அதற்காகவே பழைய கார் ஒன்று வாங்கி, ஓட்டக் கற்றுக்கொண்டாள். அவள் கார் வாங்கியது என் மருமகனுக்குப் பிடிக்கவில்லை. வாயால் சொல்லமாட்டார். காருக்குத் தகர ஷீட் போட்டு ஷெட் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். நல்ல மனசு என்று அன்றைக்கு நினைத்தேன்.

பிறகு திங்கட்கிழமை ஆனால் கார் கிளம்பாது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புது பேட்டரி போட்டோம். அதுவும் படுத்தது. அடிக்கடி ஓட்டுங்கள் என்று கடைக்காரர் அனுப்பிவிட்டார். செல்வி ஆபீசில் இரண்டு தடவை திட்டு வாங்கினாள், இனி ஒரு தடவை லேட்டானால் லைனை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள் என்ற நிலை. மருமகன் காரை வாங்க ஆள் பார்த்துவிட்டார். "எதுக்கு இந்த பேஜாரு? ஊட்லயே இரு. பக்கத்துல ஏதாச்சும் வேலை பாத்துக்கலாம்" என்றார். அந்த ஆள் பணத்தோடு வருவதாகச் சொன்னதற்கு முந்தைய ஞாயிறு, மருமகன் வெளியே போயிருந்த நேரம் பார்த்துச் செல்வி எபினேசரை அழைத்தாள்.

சர்ச்சிலிருந்து நேராக வெள்ளைச் சட்டையோடு வந்தார். கையை மடித்துவிட்டுக்கொண்டு பேட்டரியின் ஒரு ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கோத்தார். கதவு திறந்திருந்தும், பூட்டிக்கொண்டதாகக் கார் நினைக்கும்படி அதன் கொக்கியை ஸ்குரூ டிரைவரால் அழுத்திவிட்டார்.

"இன்னும் இன்னாத்துக்கு உக்காந்துக்கினு இருக்க? பாரேன்" என்றேன்.

"வண்டி தூங்கணும்க்கா. பூட்டுன ஒடனே தூங்காது. நம்மள மாதிரிதான், பொரண்டு பொரண்டு படுத்துதான் தூங்கும். தூங்குனப்புறமும் கரண்ட்டு எவ்ளோ போவுதுன்னு பாக்கணும்."

தூங்கின பிறகும் அதிகமாகத்தான் போனது. ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். மீட்டரில் எண் இறங்கவில்லை. டப்பாவில் மறுபடி உட்கார்ந்தார்.

"அக்கா, எப்பெப்போ நின்னுச்சு? ஞாபகம் கீதா?"

என்னிடம் போய் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். "மொதல்ல நின்னது, என் தங்கச்சி பொண்ணு மஞ்சத் தண்ணிக்கு மறுநாள். என்னை ரெண்டாம் பந்தியில உக்கார வெச்சாளே, அதுக்கு மறுநாள்" என்றேன்.

"வண்டி எங்க இருந்துச்சு?"

"ஷெட்டுலதான். அப்புறம் என் நாத்தனா திருவாலங்காட்டுலேர்ந்து வந்து, கொழம்புல உப்பு இல்லன்னு சொல்லிட்டுப் போனா பாரு, அதுக்கு மறுநாள்."

"அவங்க உப்பு கெடக்கட்டும். வண்டி?"

"ஷெட்டுல."

"லீவு நாள்லயும் நிக்காம ஓடுன நாளு இருக்கா?"

இருந்தது. பொங்கலுக்கு மருமகனின் அண்ணன், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், ஷெட் முழுக்க நெல் மூட்டையை அடுக்கிவிட்டுப் போனார். அந்தக் கோபம் இன்னும் எனக்கு இருக்கிறது. பண்டிகை முடியும்வரை கார் தெருவில் வெயிலில் கிடந்தது. வேலைக்குப் போகும் நாளில் ஒரே திருப்பில் கிளம்பியது.

நான் இப்படிப் பேச ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். எபினேசர் ஒவ்வொன்றுக்கும் "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டார். கடைசியில் எழுந்து, "ஷெட்டுக்குள்ள நின்னாதான் சாவுது. வானத்தப் பாத்துக்கினு நின்னா பொழைக்குது" என்றார். மூன்று பேருமாகக் காரைத் தெருவுக்குத் தள்ளினோம். மறுபடி மீட்டரைக் கோத்து, மறுபடி தூங்கவிட்டுப் பார்த்தார். எண் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அவர் முகம் மாறியது. குனிந்து ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டே, "அக்கா, எனக்கு சுக்கு காப்பி போடு. கடையில வாங்குன தூளு வேணாம், தட்டிப் போடு" என்றார்.

சுக்கைத் தட்டிக் கொதிக்கவைத்துக் கொண்டுவருவதற்குள் வேலை முடிந்திருந்தது. "ரேடியோ ஒயரு அக்கா. சரி பண்ணிட்டேன்" என்றார். சூடான காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார். செல்வி என்னைப் பார்க்கவில்லை.

ரேடியோவெல்லாம் இல்லை என்பது அடுத்த வாரம் தெரிந்தது. மருமகன் காலையில் செல்விக்கு முன்பே ரயிலுக்குப் போய்விடுவார், அவள் வந்த பிறகுதான் வருவார். ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது கேட்டார்.

"இன்னா, இந்த வாரம் பூரா லீவா?"

"இல்லியே. தெனம் போயினுதான் கீறேன். லீவுன்னு யாரு சொன்னது?"

"இல்ல... வண்டி..."

"வண்டிக்கு இன்னா?"

அவர் சோற்றைப் பார்த்தார். செல்வி எழுந்து மொட்டை மாடிக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்து ஒரு பழைய ஸ்கூட்டர் பேட்டரியையும் அதில் ஒயரால் கட்டியிருந்த தீப்பெட்டி அளவுக் கறுப்புப் பெட்டியையும் கொண்டுவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கார் எங்கே போகிறது என்று போனில் காட்டும் பெட்டி அது. மருமகன் அவளுக்குத் தெரியாமல் பொருத்தியிருந்தார். தகர ஷீட்டுக்கு அடியில் சிக்னல் கிடைக்காமல் விடிய விடியத் தேடிக்கொண்டு, பேட்டரியைக் குடித்தது அதுதான். எபினேசர் அதைக் கண்டுபிடித்துச் செல்வியிடம் மட்டும் காட்டினார். அவள் கேட்டதற்காகப் பழைய பேட்டரி ஒன்றைக் கொடுத்து, அதில் மாட்டியும் விட்டார். அந்த வாரம் முழுவதும் மருமகன் போனில் கார் வீட்டிலேயே கிடந்தது.

"எங்க போறேன்னு என்னைக் கேட்டிருந்தா சொல்லிருப்பேன்" என்றாள் செல்வி. கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கார் வாங்க வருவதாக இருந்தவரை மறுநாள் காலை மருமகனே கூப்பிட்டு வரவேண்டாம் என்றார். இதையெல்லாம் எழுதலாமா என்று இப்போது செல்வியைக் கேட்டேன். "எழுது. ஊட்டுக்காரருக்கும் தெரியும் நீ எழுதுறது" என்றாள்.

அந்தக் கறுப்புப் பெட்டி வெளியே வந்த மறுநாள் நான் நேராக எபினேசர் கடைக்குப் போனேன். "பெத்தவகிட்டயே பொய் சொல்லிட்டியே தம்பி! என் வாயைக் கெளறி எல்லாத்தையும் வாங்கிக்கினு, என்னையே அடுப்பாண்ட அனுப்பிட்டியே!"

அவர் கை வேலையை நிறுத்தவில்லை. "உன்கிட்ட சொல்லியிருந்தா அன்னைக்கே தெருவுல நின்னிருப்ப. நீ எதையும் மறக்கமாட்டக்கா. அவங்க ரெண்டு பேரும் ஒண்ணா வாழணும்னு நெனச்சாலும் நீ உடமாட்ட. அது அவ பாத்துக்க வேண்டியது. நீயும் நானும் பாத்துக்க வேண்டியது இல்ல."

அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன். அவர் கடைப் பக்கம் போனால் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நடப்பேன். "அக்கா, சாப்ட்டியா?" என்று அங்கிருந்தே கத்துவார். திரும்பமாட்டேன். அவர் சொன்னதை அன்றும் நான் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. மகளுக்கு ஒன்று என்றால் அது தாய்க்குத் தெரிய வேண்டும்.

கல்லறைத் தோட்டத்துக்குச் செல்விதான் காரோட்டினாள். மருமகன் பின்னால் உட்கார்ந்து வந்தார். இறங்கி, பெட்டி தூக்குகிறவர்களோடு போய்த் தோள் கொடுத்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. எபினேசரின் மனைவி எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல அவருக்கு ரொம்பப் பிரியம்க்கா. அந்த அக்கா கோவத்தோடயாவது இந்தப் பக்கம் வந்துட்டுப் போவுதே, அது போதும்னுவாரு" என்றாள். மண்ணை அள்ளிப் போட்டேன்.

அவர் மேல் உள்ள கோபத்தை நான் விடவில்லை. அது என்னோடு இருக்கட்டும். தினமும் காலையில் செல்வி காரை எடுக்கிற சத்தம் அடுப்படிக்குக் கேட்கும். சில நாள் வேலை முடிந்து நேராக வருவாள், சில நாள் பொழுது சாய்ந்து வருவாள். எங்கே போய்விட்டு வருகிறாள் என்று அவளாகச் சொன்னால்தான் மருமகனுக்குத் தெரியும். எனக்கும் அவ்வளவுதான். கேட்க வேண்டும் என்று நாக்கு நுனி வரை வரும். கேட்காமல் சோற்றைப் போடுகிறேன்.