ஹெட்டியின் சுருண்ட அவரைகள்

ஹெட்டி கிரிம்ஷாவுக்கு யார்மீதும் நம்பிக்கை கிடையாது. அது அவளுக்கு வேலையோடு வந்த குணம். எங்கள் ஊர் பிஸ்கட் தொழிற்சாலையில் வாசல் சோதனை அவள் பொறுப்பு. வேலை முடிந்து போகும் பெண்களின் கைப்பையைத் திறந்து, கோட்டின் உட்பையைத் தடவி, உடைந்த பிஸ்கட்கூட வெளியே போகாமல் பார்த்துக்கொண்டாள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் ஓயவில்லை. கணவர் வில்ஃப் ஆஸ்பத்திரியில் இறந்தபோது நான் உடன் போயிருந்தேன். போர்வையை விலக்கி முகத்தைப் பார்த்து, அவர்தான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே அழுதாள்.

அவள் வீட்டிலிருந்து நாலு வாசல் தள்ளி என் வீடு. முதியோர் இல்லம் ஒன்றை நடத்தியே என் காலம் போயிற்று. அதனால் தெருவில் யாருக்காவது மறதி வந்தால் பிள்ளைகள் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மே மாதத் தொடக்கத்தில் ஹெட்டியின் மகன் ராட்னி கூப்பிட்டான்.

"மேவிஸ் ஆன்ட்டி, அம்மா எப்படி இருக்காங்க? மூடி மறைக்காமச் சொல்லுங்க."

"நல்லாத்தான் இருக்கா. ஏன்?"

"பக்கத்து வீட்டு கிளைவ் தோட்டத்துல விஷம் தெளிக்கிறார்னு தினமும் போன் பண்றாங்க. அவரையும் வாசல்ல வெச்சுத் திட்டியிருக்காங்க. நான் ஒரு முதியோர் ஃப்ளாட் பாத்து வெச்சிருக்கேன். மாசக் கடைசி லீவுக்கு வந்து கூட்டிட்டுப் போய் முடிச்சிடலாம்னு இருக்கேன். நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க."

அந்த ஃப்ளாட் எனக்குத் தெரியும். மூன்றாவது மாடி. ஜன்னலில் ஒரு தொட்டி வைக்கக்கூட அனுமதி இல்லை. அங்கே போனால் ஹெட்டி செத்துப்போவாள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அப்படி யாரும் சாவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தே பல வருடம் இருப்பார்கள். அதுதான் மோசம்.

ஆனால் ராட்னியின் பயமும் வெறும் பயம் அல்ல. என் இல்லத்தில் மறதி வந்த பலர் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதலில் மூக்குக் கண்ணாடியை யாரோ திருடுவார்கள். பிறகு கைப்பை போகும். கடைசியில் டீயில் யாரோ எதையோ கலப்பார்கள். ஹெட்டியின் விஷயம் விஷத்திலேயே தொடங்கியிருந்தது.

அந்த மே மாதமும் ஒரு நிலையில் இல்லை. சனிக்கிழமை எல்லோரும் அரைக்கைச் சட்டையில் புல் வெட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலங்கட்டி மழை. நான் போனபோது ஹெட்டியின் சமையலறையில் கால் வைக்க இடமில்லை. மேசையிலும், துணி தேய்க்கும் பலகையிலும், வாஷிங் மெஷின் மேலும் நாற்றுத் தட்டுகள். எங்கள் பக்கத்தில் எல்லோர் வீட்டிலும் இதே கூத்துதான். நாற்றுகளைக் காலையில் வெளியே வைத்துக் குளிருக்குப் பழக்கி, சாயங்காலம் உள்ளே எடுப்போம்.

"ராட்னி அனுப்பினானா?" என்றாள்.

"ஆமா."

"அப்ப டீ கிடையாது. வா, தோட்டத்தைப் பாரு."

பந்தலுக்கு நட்டிருந்த அவரை நாற்றுகளின்மேல் பழைய லேஸ் திரைகளைப் போர்த்திக் கல் வைத்திருந்தாள். திரையை விலக்கினாள். இலைகள் விரல் மடக்கிய கைபோலக் குவிந்திருந்தன. தக்காளிச் செடிகளின் நுனி முறுக்கிக்கொண்டு கீழே வளைந்திருந்தது.

"ராத்திரிக் குளிர்லதான் இப்படி ஆச்சுன்னு தெருவே சொல்லுது. உறைபனி பட்டா கருகும், மேவிஸ். இது முறுக்குது. களைக்கொல்லி பட்ட செடிதான் இப்படி முறுக்கும். அவன் பாட்டிலும் கையுமா வேலியோரம் நிக்கிறத நான் பாத்தேன்."

கருகுவதற்கும் முறுக்குவதற்கும் வித்தியாசம் தெரிகிறதே என்று நினைத்தேன். ஆனால் அதை வைத்து முடிவு கட்டவில்லை. வாய்ப்பாடு முழுக்கத் தப்பில்லாமல் சொல்லிவிட்டு, சொந்த மகளை யாரென்று கேட்ட தலைமையாசிரியை ஒருத்தி என் இல்லத்தில் இருந்தாள்.

சுருண்ட இலை ஒன்றைக் கிள்ளிக்கொண்டு நேரே கிளைவ் வீட்டுக்குப் போனேன். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், மனைவி இல்லை. ஹெட்டியின் அவரைக்கொடி தன் வேலியில் ஏறுவது அவருக்குப் பிடிக்காது என்பது தெருவுக்கே தெரியும். கொட்டகையில் எதையோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"பாட்டில் அதோ இருக்கும்மா. முகர்ந்து பாத்துக்குங்க. தரைக்கல் நடுவுல முளைக்கிற புல்லுக்கு அடிக்கிறது."

முகர்ந்தேன். வினிகர்தான். அது இலையைக் கருக்கும், முறுக்காது. ஆனால் ஒரு பாட்டில் வைத்திருப்பவரிடம் இன்னொன்றும் இருக்கலாம்.

"மேல்தட்டையும் பாத்துடுங்களேன். பெட்டி மேல ஏறிக்குங்க."

ஏறிப் பார்த்தேன். பெயிண்ட் டப்பாக்களும் ஒரு செத்த சிலந்தியும்தான் இருந்தன.

இறங்கியதும் என் கையிலிருந்த சுருண்ட இலையை வாங்கிப் பார்த்தார். "என் தம்பி தோட்டத்துல போன வருஷம் இதேதான். குதிரை எரு போட்டான். புல்வெளியில களைக்கொல்லி அடிச்சிருக்காங்க. அந்தப் புல்லக் காய வெச்சு குதிரைக்குப் போட்டிருக்காங்க. குதிரைக்கு ஒண்ணும் ஆகல. ஆனா விஷம் லத்தியோட வந்துடுது. அந்தம்மா எரு எங்க வாங்கினாங்கன்னு கேளுங்க."

போய்க் கேட்டேன். ஹெட்டி சிரித்தாள், நல்ல சிரிப்பு இல்லை.

"ஃபேக்டரி வாசல்ல நான் கோட்டுப் பைக்குள்ள கை விட்டா, பக்கத்துல நிக்கிறவள எத்தனை பேர் காட்டியிருக்காளுங்க தெரியுமா? திருடன் வேற பக்கம்தான் கை காட்டுவான்."

"எரு எங்க வாங்கின?"

"ராட்னி கொண்டுவந்தான். மார்ச்சுல அன்னையர் தினம் வந்தப்ப, பூ கீ வேண்டாம்டா, நாலு மூட்டை லத்தி கொண்டான்னு சொன்னேன். ஏதோ குதிரைலாய வாசல்ல சும்மா எடுத்துக்கச் சொல்லி வெச்சிருந்தாங்களாம். அதுல என்ன இருக்கும்? சாணிதானே."

உலகத்தில் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தவள் அந்த மூட்டைகளை மட்டும் பிரித்த கையோடு மண்ணில் கொட்டிவிட்டாள். இலவச எரு என்றால் எங்கள் ஊரில் யாருக்குமே புத்தி வேலை செய்யாது.

"வாயாலே பேசி என்ன, வெச்சே பாத்துடுவோம்," என்றேன். "பாதித் தொட்டியில கடை மண்ணு மட்டும். பாதியில அதே மண்ணோட உன் எரு. எல்லாத்துலயும் ஒரே அவரை விதை. என் வீட்டு ஜன்னல்ல இருக்கட்டும். கிளைவ் பாட்டில் அதுவரைக்கும் எட்டாது."

யோசித்தாள். "மண்ணை நான்தான் போடுவேன்."

போட்டாள். எரு கலந்த தொட்டிகளின் அடியில் சிவப்பு நகப்பாலிஷால் புள்ளி வைத்தாள், நான் மாற்றி வைத்துவிடக் கூடாதென்று. அதன் பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வந்து தொட்டிகளைத் தூக்கி அடியைப் பார்ப்பாள். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுகிறேனா என்று பக்கத்தில் நின்று பார்ப்பாள். நானும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டதையே திரும்பக் கேட்கிறாளா, பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறாளா, அடுப்பை அணைத்துவிட்டு வந்தாளா.

"என்னைய என்ன அளந்துகிட்டே இருக்க? சவப்பெட்டி செய்யப் போறியா?" என்றாள் ஒருநாள்.

நடுவில் ஓர் இரவு கடும் உறைபனி விழுந்தது. காலையில் என்னை இழுத்துப்போய் வேலிக்கு மேலாக கிளைவின் பூந்தொட்டிகளைக் காட்டினாள். வெயிலை நம்பி வெளியே விட்டிருந்த செடிகள் எல்லாம் கறுத்துக் குழைந்து கிடந்தன.

"பாத்தியா? உறைபனின்னா இது," என்றாள். அவள் முகத்தில் இருந்த திருப்தியை இரக்கம் என்று சொல்ல முடியாது.

பிறகு அவரை முளைத்தது. கடை மண்ணில் வந்த இலைகள் உள்ளங்கை விரித்தாற்போல இருந்தன. எரு கலந்த தொட்டிகளில் இலை வெளியே வரும்போதே குவிந்து வந்தது. ஹெட்டி ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கிச் சிவப்புப் புள்ளியைச் சரிபார்த்தாள். இரண்டாம் முறையும் பார்த்தாள்.

"கிளைவ் இங்க வந்தானா?"

"வரல."

"உன் வீட்டுச் சாவி வேற யார்கிட்ட இருக்கு?"

"உன்கிட்ட மட்டும்தான்."

நாற்காலியில் உட்கார்ந்து டீ கேட்டாள்.

மாதக் கடைசித் திங்கட்கிழமை, விடுமுறை, வழக்கம்போல மழை. ராட்னி ஃப்ளாட்டின் வழவழப்பான விளம்பரத் தாளோடு வந்தான். ஹெட்டி அதன்மேல் இரண்டு தொட்டிகளை வைத்தாள். நடந்ததை நான்தான் சுருக்கமாகச் சொன்னேன்.

"விஷம்னு சொன்னேன். விஷம்தானே?" என்றாள் மகனிடம். "கொண்டுவந்தது யாரு?"

"அம்மா, நீ கேட்டேன்னுதானே கொண்டுவந்தேன்."

"நீ எனக்கு விஷம் வெச்சேன்னு நான் யார்கிட்டயாவது சொன்னேனா? உன்னை மூணாவது மாடிக்கு அனுப்பினேனா?"

ராட்னி என்னைப் பார்த்தான்.

"புத்தி தெளிவா இருக்கு," என்றேன். "குணம் மட்டும்தான் அப்படியே இருக்கு. அதுக்கு மருந்து கிடையாது."

அவன் தொட்டிகளை நகர்த்திவிட்டுத் தாளை எடுத்து மடித்தான். ஆனால் அவனும் ஹெட்டி பெற்ற பிள்ளைதானே. "ஆளைத் தப்பாச் சொன்னியேம்மா. அந்த மனுஷனுக்குப் பக்கத்துலயே நீ இங்க இருக்கணும்னா, இன்னைக்கே போய்ப் பேசு. இல்லைன்னா அடுத்த மாசம் வேற எதையாவது சொல்லுவ, நான் திரும்பவும் இந்தத் தாளை எடுக்கணும்."

"நாளைக்குப் போறேன்."

"இன்னைக்கு."

மழை சற்று விட்டிருந்தது. ஹெட்டி தோட்டத்து மூலையில் சர்க்கரை போட்டு வேகவைத்துச் சாப்பிடும் ருபார்ப் தண்டுகளை ஒரு கைப்பிடி ஒடித்துக்கொண்டு வேலியோரம் போய் நின்றாள். கிளைவ் அந்தப் பக்கம் கருகிய செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"இந்தாங்க," என்றாள். "உங்க பாட்டில் வினிகர்தானாம். மேவிஸ் சொன்னா."

மன்னிப்பு என்று அவளிடமிருந்து நான் கேட்டது அவ்வளவுதான். கிளைவ் தண்டுகளை வாங்கவில்லை.

"இதுக்கும் அந்த எரு போட்டீங்களா, மிஸஸ் கிரிம்ஷா?"

"போடல."

"நீங்க முதல்ல ஒரு கடி கடிங்க."

பச்சை ருபார்ப் பல்லைக் கூச வைக்கும் புளிப்பு. ஹெட்டி ஒரு தண்டை எடுத்துக் கடித்து, கண்ணை அவர் முகத்திலிருந்து எடுக்காமல் மென்று விழுங்கினாள். கிளைவ் இன்னும் கொஞ்சம் காத்திருந்து பார்த்தார். பிறகு மீதியைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ராட்னி போனை எடுத்துக்கொண்டு காருக்குப் போனான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு யாரிடமோ பேசினான். ஃப்ளாட் வேண்டாம் என்று சொல்லத்தான் என்று எனக்குத் தெரியும். காரில் ஏறுமுன் என்னைப் பார்த்துத் தலையசைத்திருந்தான்.

ஹெட்டி இன்னும் வேலியோரம் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"கண்ணாடிய ஏத்திகிட்டு யார்கிட்டடி பேசறான்?" என்றாள். "போய்க் கேட்டுட்டு வா."