இன்னும் கொஞ்சம் கறுப்பு, அண்ணா

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் 'மாயா டிஜிட்டல்' என்று ஒரு கடை இருக்கிறது. மாயா யார் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. முன்னால் கடை வைத்திருந்தவர் மாட்டிய போர்டு, கழற்ற எனக்குச் சோம்பல். என் பேர் தீனா. அந்தக் கடைக்கு முதலாளி, தொழிலாளி, கூட்டிப் பெருக்குகிறவன் எல்லாம் நான்தான்.

மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று இந்தப் பக்கம் எந்தப் பேனரில் எவர் சிரித்தாலும் அவரை வெளுத்தவன் நான். "கலரா போடு நைனா" என்பார்கள். வேறெதுவும் கேட்க மாட்டார்கள். நானும் வெளிச்சத்தை ஏற்றித் தள்ளிவிடுவேன். செத்தவர்களைக்கூட விட்டதில்லை. ஆயுசு பூராவும் ஹார்பரில் மூட்டை தூக்கியவர், என் பேனரில் வெயிலே பார்க்காத ஜமீன்தாராகிவிடுவார்.

வெளிச்சத்தை மட்டும் ஏற்றினால் முதலில் மூக்கு போகும். பக்கத்தில் நிழல் இருந்தால்தானே மூக்கு? அப்புறம் கன்னம், தாடை. கடைசியில் இட்லியில் இரண்டு மிளகு வைத்தமாதிரி கண் மட்டும் மிஞ்சும். கறுப்பைக் கறுப்பாக விட்டு, வெளிச்சத்தை அளவாக ஏற்றினால் முகம் எழுந்து நிற்கும். கான்ட்ராஸ்ட் என்பது அவ்வளவுதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன புண்ணியம்?

எனக்கு வயசு முப்பத்துமூன்று. நிறம், சொல்வதற்கென்ன, எண்ணூருக்கு வந்து இறங்கும் நிலக்கரி. பெண் பார்த்த இடமெல்லாம் தட்டிப்போய்க்கொண்டிருந்தபோது திருவொற்றியூரிலிருந்து ஒரு பெண்ணின் படம் வந்தது. பேர் கார்குழலி, லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை. படத்தில் பால் மாதிரி இருந்தாள். நான் சொக்கிப்போனேன்.

"பதிலுக்கு உன் போட்டோவ அனுப்புடா. இன்னா மசமசன்னு நிக்கிற?" என்றாள் அம்மா.

என்னை வெளுத்தேன். நீலக் கோட்டு ஒன்றை ஒட்டினேன். பின்னால் ஒரு மலையையும் வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "யார்றா இது, உன் தோஸ்தா?" என்றாள். அப்போதாவது உறைக்க வேண்டாமா? எனக்கா உறைக்கும்! டிசைனிங் கம்பெனியில் வேலை என்று வேறு சொல்லி அனுப்பினேன். அவர்களும் சனிக்கிழமை பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு பெண் கடைக்குள் வந்தாள். என்னைவிட ஒரு படி கம்மிக் கறுப்பு, எடுப்பான மூக்கு, முகத்தில் கோபம். போனை மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணா, இத வெளுத்தது நீங்கதான? மூலைல உங்க கடை பேரு கீது."

பார்த்தேன். நீலக் கோட்டு, மலை, நான். மூலையில் பொடி எழுத்தில் மாயா டிஜிட்டல். கடை பேர் எல்லாப் படத்திலும் தானாக விழும்படி வைத்திருந்தேன். என் கல்யாணப் படத்திலும் விழுந்து தொலைத்திருக்கிறது. அடப் பாவி தீனா!

"இவுரு சனிக்கெழம என்னைப் பொண்ணு பாக்க வராரு. ஆளு எப்டின்னே தெர்ல, மூக்கே இல்ல. பழையபடி பண்ணிக் குடுங்கண்ணா. புடிக்கலன்னா முன்னாடியே வாணாம்னு சொல்லிர்லாம். வூட்டுக்கு வந்து பஜ்ஜி துன்னப்புறம் சொன்னா பேஜாரு."

இவள்தான் கார்குழலியா? அந்தப் பால் எங்கே போயிற்று?

என் படம் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. ஒரே அமுக்கில் அசல் முகம் வந்துவிடும். கை வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தை இறக்கினேன். மாநிறத்தில் நிறுத்தி, "போதுமா?" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் கறுப்பு, அண்ணா."

தாடை வந்தது.

"இன்னும், அண்ணா."

மூக்கு வந்தது. கட்டிக்கொள்ளப் போகிறவள் வாயால் அண்ணாமேல் அண்ணா! இந்தப் பாக்கியம் வேறு எவனுக்கு வாய்க்கும்? கடைசியில் இடது புருவத்தில், சின்ன வயதில் கூட்ஸ் ஷெட் சுவரிலிருந்து விழுந்த தழும்பு வந்தது. அவள் திரையைப் பார்த்தாள். என் புருவத்தைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"கோட்டு?"

"ஒட்டினது."

"மலை?"

"அதுவும்தான்."

"டிசைனிங் கம்பெனி?"

"இதான்," என்றேன். கிளம்பிப் போய்விடுவாள் என்று பயந்தேன். அதற்குள் இவளை எனக்குப் பிடித்துத் தொலைத்திருந்தது. படத்திலிருந்த பாலை அல்ல, இந்தக் கோபக்காரியை.

அவள் போகவில்லை. போனில் இன்னொரு படத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதே பால். மூலையில் அதே மாயா டிஜிட்டல்.

"என் தம்பி உங்கிட்டதான் குட்த்தான். என் மூக்கத் துன்னவனும் நீதான். இதையும் சரி பண்ணு."

ஊரில் எவன் படத்தை எவன் வெளுத்தான் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்பவன் நான். என் கைவேலையைப் பார்த்து நானே மயங்கியிருக்கிறேன்!

அவள் தம்பி கொடுத்த பழைய படத்தைத் தேடி எடுத்தேன். இந்தத் தடவை வெளுப்பில் கை வைக்கவில்லை. கறுப்பை அப்படியே விட்டு, கண்ணிலும் கன்னத்திலும் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கொடுத்தேன். மூக்கு வந்தது. உதட்டோரம் ஒரு மச்சமும் வந்தது. இவ்வளவு அழகையா அழித்தேன்? என் கையை உடைக்க வேண்டும்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். இரண்டு படத்தையும் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள். பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று திரும்பினாள்.

"சனிக்கெழம இந்த மூஞ்சியோட வா. கோட்டுலாம் வாணாம்."

கூட்ஸ் வண்டி போனதும் கேட்டைத் திறந்தார்கள். அவள் தண்டவாளம் தாண்டி மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கடைசியாகப் பேசினதில் ஒரு அண்ணாகூட இல்லை.