செம்பனைச் சாலையின் இடப்பக்கம்

பள்ளி விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமை, எங்கள் ஊர் லோபாக்கிலிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போய்வந்தேன். அங்கே அருவி கிடையாது, படம் எடுத்துக்கொள்ளும் இடம் கிடையாது, வழியில் டுரியான் கடைகூடக் கிடையாது. பார்க்க எதுவுமே இல்லாத இடம் என்பதால்தான் பார்வையை ஆராய்கிறவர்கள் அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

என் தங்கை கமலாவின் கணவர் செல்வம் பாரோய்ப் பக்கத்தில் பள்ளி வேன் ஓட்டுகிறவர். முன்னிருக்கையில் இடப்பக்கம் கமலா உட்கார்ந்து பிள்ளைகளை ஏற்றி இறக்குவாள். ஆறு மாதத்துக்கு முன் செல்வத்துக்கு லேசான பக்கவாதம் வந்தது. கையும் காலும் சில வாரங்களில் பழையபடி ஆகிவிட்டன. கிளினிக்கில் எழுத்துப் பலகையைக் காட்டினார்கள். கடைசி வரிவரை படித்து, அச்சிட்ட கம்பெனியின் பெயரையும் படித்தார். ஆனால் ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, எங்காவது ஒளிப்புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்தச் சொன்னபோது, இடப்பக்கம் கீழே தோன்றிய புள்ளிகளுக்கு அவர் அழுத்தவே இல்லை.

“அந்த மெஷின் ரொசாக் லா மச்சான், கெட்டுப்போச்சி” என்றார் என்னிடம். “அடுத்த ஆளுக்காவது சரி பண்ணி வைங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.”

முடிவு தெரியும்வரை பிள்ளைகளை வைத்து ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்வைக் குறை உள்ளவர்கள் எப்படி ஓட்டுகிறார்கள் என்று ஓர் ஆய்வு நடப்பதாகவும், அங்கே நிஜச் சாலையில் ஓட்டிக் காட்டலாம் என்றும் சொன்னார். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. பதினான்கு பிள்ளைகள். மெஷின் பொய் சொல்கிறது என்று நிரூபிக்க அவருக்கு இருந்தது அந்தச் சனிக்கிழமைதான். ஒப்பிட்டுப் பார்க்க, அதே வயதில் நல்ல பார்வை உள்ள ஓர் ஆளும் அவர்களுக்கு வேண்டுமாம். அறுபது வயதில் என்னிடம் அறிவியலுக்குப் பயன்படும் ஓர் உறுப்பு இருக்கிறது என்று கேள்விப்பட்டு நானும் கிளம்பினேன்.

காலை ஆறே முக்காலுக்குப் புறப்பட்டோம். வேனைச் செல்வமே ஓட்டினார். பிள்ளைகளை வைத்துத்தான் ஓட்டக் கூடாது, நாங்கள் யாரும் பிள்ளைகள் இல்லை என்பது அவர் வாதம். நான் பின்னால் உட்கார்ந்தேன். வழியில் செண்டாயானில், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடையில் ரொட்டி சானாய், தே தாரிக் தேநீர், மூவருக்கும் சேர்த்துப் பதினைந்து ரிங்கிட். எங்கே போகிறோம் என்று கல்லாவில் இருந்த பாய் கேட்டார். செல்வம் சொன்னார்.

“கண்ணு சரியில்லன்னு பாக்கவா போறீங்க? என் கடைக்கு வர்ற பாதிப் பேரு ஹெண்ட்போனப் பாத்துக்கிட்டே ஓட்டிட்டு வரான். அவனுக்கெல்லாம் கண்ணு நல்லாத்தான் இருக்கு” என்றார் பாய்.

செண்டாயானின் புது வீடுகளும் தொழிற்சாலைக் கூரைகளும் ஒரு வளைவில் சட்டென்று நின்றுபோயின. அதற்கப்புறம் பனியும் செம்பனையும்தான். வரிசை வரிசையாக மரங்கள் எங்களை நோக்கி வந்து, இரண்டாகப் பிரிந்து, பின்னால் போய் மறுபடி சேர்ந்துகொண்டன. மட்டைகளுக்கு அடியில் பனி இடுப்பளவு நின்றது. வேன் ஓடுகிறதா, தோட்டம் ஓடுகிறதா என்று சொல்ல முடியவில்லை. சத்தம் என்று இருந்தது கமலாவின் குரல் மட்டும்தான்.

“மோட்டார் சைக்கிள் வருது.” “மாடு நிக்குது பாருங்க.” “இந்தப் பக்கம் பள்ளம்.”

“முப்பது வருஷமா ரேடியோ வாங்கல மச்சான். தேவைப்படல” என்றார் செல்வம், கண்ணாடியில் என்னைப் பார்த்து. வேன் மாட்டை அழகாக விலகிப் போனது. இவ்வளவு பதமாக ஓட்டுகிறவரைச் சோதிக்கப் போகிறார்களே என்று நினைத்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன்.

தோட்டத்து வாசலில் காவலாளி பெயரைக் கேட்டுத் தடுப்பை உயர்த்தினார். அங்கிருந்து செம்மண் சாலையில் இரண்டு கிலோமீட்டர். தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளில் இப்போது ஆள் இல்லை. மாடுகள் வாடகையில்லாமல் குடியிருக்கின்றன. ஒரு காலத்தில் கணக்கெழுதும் கிராணி உட்கார்ந்த ஆபீஸில் ஆய்வுக்காரர்கள் இருந்தார்கள். பொறுப்பாக இருந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். டாக்டர் என்று கூப்பிட்டோம், அவரும் மறுக்கவில்லை.

முதலில் உள்ளே திரையும் ஸ்டியரிங்கும் வைத்து ஓட்டவேண்டும். திரையில் சாலை ஓடும். ஓரத்திலிருந்து ஆட்கள் குறுக்கே வருவார்கள். பிரேக்கை மிதிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணினி அளக்கும். நம் கண் எங்கே பார்க்கிறது என்பதை மூக்குக்கண்ணாடி போன்ற ஒரு கேமரா எழுதிக்கொள்ளும். அதற்கப்புறம் வெளியே, ஆள் நடமாட்டம் இல்லாத தோட்டச் சாலையில் நிஜக் கார். இடப்பக்கம் உட்காரும் பயிற்றுநருக்குத் தனியாக ஒரு பிரேக் உண்டு. பின்னால் ஒருவர் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். யாருக்குக் குறை, யாருக்கு இல்லை என்று அவருக்குச் சொல்லமாட்டார்கள். தெரிந்தால் குறை உள்ளவர் சரியாக ஓட்டினாலும் தப்பாகத் தெரியுமாம். உலகத்தில் மற்ற மதிப்பெண்களையும் இப்படிப் போட்டிருக்கலாம்.

நான் முதலில் ஓட்டினேன். சாலையின் இரு பக்கமும் மரங்களுக்கு இடையே அட்டையில் வெட்டிய ஆட்கள் நின்றார்கள், கண்டால் சொல்லவேண்டும். ஒன்றைத் தவறவிட்டேன். அந்த நேரம் முழுக்க நான் வானத்தில் ஒரு கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்ததாகக் கேமரா காட்டிக்கொடுத்தது. பார்வை நன்றாக இருந்தும் பார்க்காதவர்களுக்குத் தனியாக ஒரு கட்டம் இருக்கிறது என்றார் டாக்டர். அதில் கூட்டம் அதிகமாம்.

செல்வம் காரில் ஏறியதும் கமலாவும் பின்கதவைத் திறந்தாள்.

“அக்கா, நீங்க இங்கயே இருங்க” என்றார் டாக்டர்.

“நான் இல்லாம அவருக்கு ஓட்டி பழக்கம் இல்லயே.”

“சும்மா இரு கமலா. ஒரு நாளைக்காச்சும் காது நிம்மதியா இருக்கட்டும்” என்றார் செல்வம்.

கார் போனது. பாதிப் பனி கலைந்திருந்தது. நாங்கள் நின்ற மேட்டிலிருந்து சாலை முழுவதும் தெரிந்தது. நேராக, அமைதியாக, ஒரு கோடு பிசகாமல் போனார். இடப்பக்கம் மரத்துக்குப் பின்னாலிருந்து, கீழே சக்கரம் வைத்த ஓர் அட்டை மெல்ல நகர்ந்து சாலைக்கு வந்தது. வெள்ளைச் சட்டை, நீலப் பினாஃபோர், முதுகில் பை. கமலாவின் வாய் தானாகத் திறந்தது.

“புள்ள வருது” என்றாள். இருநூறு மீட்டர் தள்ளியிருந்த காருக்கு அது கேட்கவில்லை.

கார் அப்படியே போனது. வேகம் குறையவே இல்லை. பிறகு குலுங்கி நின்றது. அட்டைக்கும் முன்பக்கத்துக்கும் இடையே ஒரு கை நீளம் இருந்திருக்கும். நாங்கள் இறங்கிப் போனபோது செல்வம் கோபமாக இருந்தார்.

“யாரு பிரேக் போட்டது? ரோட்டுல ஒன்னுமே இல்லயே. காலியாத்தானே இருந்துச்சி.”

பயிற்றுநர் இடப்பக்கம் அட்டையை நோக்கிக் கையைக் காட்டினார். செல்வம் இறங்கி, காரின் முன்னால் சுற்றிப் போய், தலையை நன்றாகத் திருப்பிப் பார்த்தார். அட்டைப் பிள்ளை அவர் இடுப்புயரம் இருந்தது. பக்கத்தில் வெகுநேரம் நின்றார். அதன் பையில் பிடியைக்கூட வரைந்திருந்தார்கள்.

“உங்களுக்கு அங்க இருட்டாத் தெரியாது அங்கிள்” என்றார் டாக்டர். “இருட்டா இருந்தா நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க. மூளை பக்கத்துல இருக்கற பச்சைய எடுத்து அங்க ஒட்டிடும். மரம் மாதிரியே தெரியும்.”

சுற்றிலும் பார்த்தேன். எல்லாத் திசையிலும் ஒரே மரம், ஒரே பச்சை. இங்கே ஒரு துண்டை எடுத்து இன்னொரு துண்டை ஒட்டினால் யாருக்குத்தான் தெரியும்?

செல்வம் கமலாவிடம் திரும்பினார். “காலையில வரும்போது என்னென்ன வந்துச்சி, இடப்பக்கம்?”

“மூணு மோட்டாரு. மாடு. மட்டை ஏத்துன கைவண்டி. ஒரு ஆளு.”

“நான் மாட்டத்தான் பாத்தேன். அதுவும் நீ சொன்னப்புறம் திரும்பிப் பாத்தேன்.”

கமலா போய் அட்டைப் பிள்ளையைச் சாலையோரமாகத் தள்ளி வைத்தாள்.

“கமலா வேன்ல கூடவே இருந்தாப் போதும்ல டாக்டர்?” என்று நான்தான் கேட்டேன்.

“அவங்க தும்முற நேரத்துல?” என்றார் டாக்டர்.

செல்வம் வேன் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார். நான் எதிர்பார்த்த வாக்குவாதம் எதுவும் நடக்கவில்லை. அங்கேயே நின்று இன்னொரு வேன்காரரைப் போனில் கூப்பிட்டு, “திங்கக்கிழமையிலேர்ந்து என் புள்ளைங்களையும் ஏத்திக்க முடியுமா? கமலா கூட வருவா. எந்தப் புள்ள எந்த வீடுன்னு அவளுக்குத்தான் தெரியும்” என்றார். போனை வைத்ததும் கொஞ்சநேரம் செம்பனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு பார்த்தார் என்று எனக்குத் தெரியாது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஆய்வு இலவசம், மதியம் தேங்காய்ப்பால் சோறு, அதாவது நாசி லெமாக், தருகிறார்கள், சம்பல் காரம். மூடுகாலணி போட்டுப் போங்கள், செம்மண் ஒட்டும். எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை படித்தோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது நேர் எதிரே இருப்பதை மட்டும்தான் கேட்கிறது, சாலையில் பிள்ளைகள் ஓரத்திலிருந்து வருகிறார்கள். பக்கவாதம் வந்தவர்கள், கண்ணழுத்தம் உள்ளவர்கள் கிண்ணத்துக்குள் ஒரு தடவை முகத்தை வையுங்கள். மெஷின் ரொசாக் என்று தோன்றினால் இரண்டாவது தடவையும் வையுங்கள். முக்கியமாக, அங்கே போகும்போதே வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும். எங்களைப் போலச் செய்யவேண்டாம்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். செல்வம் கமலாவின் இடத்தில், முன்னால் இடப்பக்கம் உட்கார்ந்தார். கமலா பின்னால். தோட்டத்து வாசல் தாண்டியதும் அவர் தொடங்கினார்: “வலப்பக்கம் லாரி மச்சான்.” “வலப்பக்கம் நாய்.” அவருக்குத் தெரிகிற பக்கத்தில் ஒன்றையும் விடவில்லை. எனக்கே நன்றாகத் தெரிந்தது என்று சொல்ல மனம் வரவில்லை. வெயிலில் செம்பனை வரிசைகள் காலையில் பிரிந்தது போலவே பிரிந்து வழிவிட்டன.

லோபாக்கில் எங்கள் தெருவுக்குத் திரும்பும் முனையில் வேனை நிறுத்தினேன். செல்வம் வலப்பக்கம் பார்த்தார். “இங்க கிளியர்” என்றார். அப்புறம் தலையைப் பின்னால் சாய்த்து, முப்பது வருஷமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

“கமலா, அந்தப் பக்கம் என்ன வருது?”

அவள் எட்டி, நிதானமாகப் பார்த்தாள்.

“ஒன்னும் வரல. போலாம்.”