ஆளில்லாத வண்டியிலருந்து ஒரு மதிய மெசேஜ்

டிங்...

உச்சி வெயில். கரண்ட் போயி ஃபேன் நின்ன ஆபீஸ். அந்த அமைதியில ஒரே ஒரு சத்தம். இன்னைக்கு நெனச்சாலும் கை ரோமம் குத்திட்டு நிக்குது.

கல்யாணத்துக்கு முந்தி, அருப்புக்கோட்டையில ஒரு லாரி ஆபீஸ்ல வேலை பாத்தேன். எந்த வண்டி எங்க ஓடுது, எங்க நிக்குதுன்னு ஜிபிஎஸ் ஸ்கிரீன்ல பாத்துக்கிட்டே இருக்கணும். "வேடிக்கை பாக்குறதுக்குச் சம்பளமா"ன்னு வீட்ல கிண்டல் பண்ணுவாங்க.

அன்னைக்கு என் ஃபோனுக்கு வந்த மெசேஜ், "இக்னிஷன் ஆன்". யாரோ சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பிட்டாங்கன்னு அர்த்தம். வண்டி ஜெயராஜ் அண்ணனோடது.

அந்த வண்டியில ஆள் இருக்கவே முடியாதுங்க. ஜெயராஜ் அண்ணன் தார்ப்பாய் கட்டும்போது லோடு மேல இருந்து விழுந்து, தலையில அடிபட்டு, மதுரை ஆஸ்பத்திரில நினைவில்லாம கெடந்தாரு. வண்டி பந்தல்குடி ஷெட்டுக்குப் பின்னாடி, கருவேல முள்ளுக்கு நடுவுல நின்னுச்சு. வேற டிரைவர் யாரும் அதுல ஏற மாட்டேன்னுட்டாங்க.

கொஞ்ச நேரத்துல "இக்னிஷன் ஆஃப்".

மறுநாளும் அதே உச்சி நேரம்... டிங்.

எங்க பக்கம் ராத்திரியைவிட உச்சிப்பொழுதுக்குத்தான் ஜாஸ்தி பயப்படுவோம். அதனால தனியா போகாம, எலக்ட்ரீசியன் முருகேசண்ணன் பைக்குல ஏறிப் போயி நேர்லயே பாத்துருவோம்னு கெளம்புனேன்.

கரிசல் வெடிச்சுக் கெடக்கு. காத்தே இல்ல. ஒரு காக்கா குருவி சத்தம் இல்ல. எஞ்சின் மட்டும் ஓடிக்கிட்டு இருக்கு. டிரைவர் சீட்ல முக்காடு போட்ட ஒரு உருவம் ஆடாம அசையாம உக்காந்திருக்கு. திரும்பிப் பாத்தா முருகேசண்ணன் எனக்குப் பின்னாடி ஒளிஞ்சு நிக்காரு. நல்ல துணை!

கிட்டப் போனா... ராணி. ஜெயராஜ் அண்ணன் சம்சாரம். வீடு பந்தல்குடியிலயேதான்.

"மாதா விளக்குக்கா..." அப்படின்னு டேஷ்போர்டைக் காட்டுனா. "இது எரியிற வரைக்கும் அவுகளுக்கு ஒண்ணும் ஆகாது. அணைஞ்சிரக் கூடாதுக்கா."

மாதா படத்துக்கு முன்னாடி மினுக்குன்னு ஒரு சின்ன எல்இடி. நம்ம டிரைவருங்க இதுக்குச் சாவி வழியா லைன் கொடுக்க மாட்டாங்க. நேரா பேட்டரியில இருந்து வயரை இழுத்துருவாங்க. வண்டி நின்னாலும் சாமி விளக்கு நிக்கக் கூடாது.

முருகேசண்ணன் சொன்னாரு: "பழைய வண்டின்னா சாவியை எடுத்ததும் பேட்டரி தூங்கிரும்மா. இப்ப வர்ற வண்டி தூங்கவே தூங்காது. ஜிபிஎஸ், கேமரா, உள்ள இருக்குற கம்ப்யூட்டருன்னு எல்லாம் உறிஞ்சிக்கிட்டே இருக்கும். அதுக்கு மேல இந்த விளக்கு வேற. எஞ்சினை ஓட்டி சார்ஜ் ஏத்தலைன்னா ரெண்டு வாரம் தாங்காது."

"அவுகளும் இதையேதாண்ணே சொல்லுவாக. அதான் வந்து ஓட்டிட்டுப் போறேன்."



அந்த வாரமே மொதலாளி, "சும்மா நிக்குற வண்டிக்கு எதுக்கும்மா புது பேட்டரி? கழட்டி அடுத்த வண்டில மாட்டச் சொல்லு"ன்னாரு. நான் விளக்கு விசயத்தைச் சொன்னேன். நெத்தி நெறைய திருநீறு பூசுற மனுசன். "சரி, இருக்கட்டும்"னு எந்திரிச்சுப் போயிட்டாரு.

அதுக்கப்புறம் தினமும் மதியம் டிங் கேட்டா, "ராணி வந்துட்டா"ன்னு சொல்லிக்கிட்டே டிபன் பாக்ஸைத் தெறப்பேன். பேட்டரி ஒரு நாளும் எறங்கல. எப்பவாவது ஃபோன்ல அண்ணன் எப்படி இருக்காருன்னு கேப்பேன். "அப்படியேதான்க்கா இருக்காக"ன்னு அழுவா. அதுக்கு மேல கேக்க மனசு வராது.

வாரக்கணக்கா கெடந்த மனுசன் ஒரு நாள் கண்ணு முழிச்சாரு. டிஸ்சார்ஜ் ஆன அன்னைக்கு வீட்டுக்குக்கூடப் போகாம, "வண்டியைப் பாக்கணும்"னு நேரா ஷெட்டுக்கு வந்துட்டாரு. நானும் முருகேசண்ணனும் போயிருந்தோம்.

விளக்கு எரியுது. கைத்தாங்கலா ஏறி உக்காந்து சாவியைத் திருப்புனாரு. ஒரே செல்ஃப்ல கிளம்பிருச்சு. ஜெயராஜ் அண்ணன் ஸ்டியரிங்ல தலை வெச்சு அழுதாரு.

நான் ராணி தோள்ல தட்டி, "அந்த வெயில்லயும் ஒரு நாள் விடாம வந்துட்டியே ஆத்தா"ன்னேன்.

ராணி என்னையே பாத்தா.

"நானா? நீங்க வந்து பாத்தீகள்ல, அதுக்கு மறுநாளே மதுரைக்குப் போயிட்டேன்க்கா. இன்னைக்குத்தான் திரும்பி வாரேன். இன்னொரு சாவி ஆபீஸ்ல இருக்குல்ல... நீங்கதான் ஆள் விட்டு ஓட்டுறீகன்னு நெனச்சேன்."

அவ சாவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பையிலயே கெடந்திருக்கு. இன்னொரு சாவி ஆபீஸ்ல, பூட்டுன என் மேசை டிராயருக்குள்ள. அதை நான் தொட்டதே இல்ல.

"ஜிபிஎஸ்ஸு கோளாறா இருக்கும்மா..."ன்னு முருகேசண்ணன் இழுத்தாரு.

"அப்ப பேட்டரி எப்படிண்ணே நின்னுச்சு?"

முருகேசண்ணன் பைக்கை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

இப்ப நிறைய வண்டில பேட்டரிக்குப் பக்கத்துலயே ஒரு கட்ஆஃப் ஸ்விட்ச் இருக்கு. நாலு நாள் நிக்கிற வண்டின்னா அதைத் திருப்பிட்டு எறங்குறாங்க. சாமி விளக்கும் சேந்து அணையும். யாரும் பெருசா எடுத்துக்கிறதில்ல. ஜெயராஜ் அண்ணன் மட்டும் திருப்புறதுக்கு முன்னாடி, உச்சி தாண்டட்டும்னு கொஞ்சம் உக்காந்திருப்பாராம்.

என் ஃபோன் இப்ப நாள் முழுக்க டிங் டிங்னு கத்துது. ஆஃபர், ஓடிபி, குட் மார்னிங்...

அந்த மதிய மெசேஜ் மட்டும் அவரு திரும்பி வந்த அன்னைக்கோட நின்னுபோச்சு. அதுவரைக்கும் அந்த முள்ளுக்காட்டுல ஏதோ ஒண்ணு தினமும் வந்து, அவருக்காக அந்த விளக்கைக் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கு. அது தெரிஞ்சதுக்கப்புறம் பயத்துல நாங்க யாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல.

ஒரு நன்றியாவது சொல்லியிருக்கலாம்...