பெஞ்சு டாக்டர் துளசிராமன்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு எதிரே ஹார்டுவேர் கடை மாடியில் பரீதாவின் அக்குபங்சர் கிளினிக் இருந்தது. பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பெண், ஊசி வைத்தியத்தை முறையாகப் படித்தவர். அவரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் இன்னொருவரைத் தாண்டியாக வேண்டும். கதவை ஒட்டிய பெஞ்சின் முனையில் ஆரம்பாக்கத்துத் துளசிராமன் உட்கார்ந்திருப்பார். சொந்த நிலத்தில் நெல் போடுகிற மனிதர். முட்டி வலிக்கு வந்தவர், வைத்தியராகவே ஆகிவிட்டார்.

அது சிக்குன்குனியா ஊரை முடக்கிப் போட்ட 2006. எங்கள் கம்பெனி ஷிப்டில் பாதிப் பேர் அந்த மாடியில்தான் கிடந்தோம். எங்களைவிட நாலு வாரம் முந்தி வந்தவர் என்பதைத் தவிர துளசிராமனுக்கு வேறு படிப்பு எதுவும் கிடையாது. நம் ஊரில் அது தாராளமாகப் போதும்.

புதிதாக வருகிறவர்கள் கேள்வியோடுதான் படியேறுவார்கள். வலிக்குமா, ரத்தம் வருமா, ஊசி உடைந்து உள்ளே போய்விட்டால் என்ன செய்வது? முட்டி வலிக்குக் கையில் ஏன் குத்துகிறார்கள்? மருந்தே இல்லாத ஊசி எப்படி வேலை செய்யும்? சபரிமலைக்கு மாலை போட்ட ஒருவர், சீனாக்கார வைத்தியத்தால் விரதத்துக்குப் பங்கம் வருமா என்று கேட்டார். ஐயப்பனிடமே விசாரித்து வந்தவரைப் போல வராது என்று அனுமதி கொடுத்தார் துளசிராமன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆனால் எல்லோரும் கேட்கிற இன்னொரு கேள்வி இருந்தது: ஏற்கெனவே சாப்பிடுகிற பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நிறுத்த வேண்டுமா?

"ஒரே கழனிக்கு ரெண்டு பேரு தண்ணி கட்னா இன்னா ஆவும்? மாத்திரைய வுட்டுடு. நானே சக்கர மாத்திரைய எப்பவோ வுட்டுட்டேன்" என்பார்.

பரீதா உள்ளே தலையில் அடித்துக்கொள்வார். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புவார். துளசிராமனையும் கூப்பிட்டுக் கண்டித்தார். அவரும் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த ஆளுக்குக் கழனிக் கதையை ஆரம்பித்தார்.

அவர் பெஞ்சில் கெடுத்ததைப் பரீதா உள்ளே சரிசெய்ததால் நாங்கள் உயிர் பிழைத்தோம். உள்ளே போக வாய்ப்பில்லாத ஒரே நோயாளி அவர் மனைவி கெங்கம்மாள். அந்த அம்மா கிளினிக் பக்கமே வந்ததில்லை. வீட்டிலேயே, சோறு போடுகிற நேரத்தில், இலவச ஆலோசனை கிடைத்துவிட்டது. பிரஷர் மாத்திரையை நிறுத்தினார். நாற்று பிடுங்கும்போது வரப்பிலேயே சாய்ந்தார்.

சென்னை பெரியாஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். வலது கை விழுந்துவிட்டது, வாய் கோணிக்கொண்டது. யார் சொல்லி மாத்திரையை நிறுத்தினீர்கள் என்று அங்கே டாக்டர் கேட்டபோது, துளசிராமன் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாராம். கேள்விப்பட்டபோது அந்த ஆள்மேல் எனக்கு வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை.

சில மாதம் கழித்து, ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டு, கைக்கு ஊசி வைத்துப் பார்க்கலாம் என்று மனைவியைத் தாங்கிப் பிடித்துப் படியேற்றி வந்தார். எங்களுக்குப் பக்கத்தில் ஊத்துக்கோட்டைப் பெண் ஒருத்தி புதிதாக வந்திருந்தாள். பெஞ்சு முனையில் இருப்பவர் விவரம் தெரிந்தவர் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். பிரஷர் மாத்திரையை நிறுத்தணுமா என்று அவரையே கேட்டாள்.

அவர் மனைவியின் செருப்பைக் கழற்றக் குனிந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை பெஞ்சில் விழுந்தது. பாதி தீர்ந்த அட்டை. கெங்கம்மாள் அதை இடது கையால் எடுத்துப் பார்த்தார்.

"உன் சக்கர மாத்திர. நிறுத்திட்டேன்னு சொன்னியே?" வார்த்தைகள் குழறித்தான் வந்தன.

துளசிராமன் நிமிரவில்லை. "பயமா இருந்திச்சி" என்றார்.

"எனக்கும் பயமாத்தான் இருந்திச்சி. நீ சொன்னியேன்னு வுட்டேன்."

ஊத்துக்கோட்டைப் பெண் இன்னும் பதிலுக்காக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெங்கம்மாள் அட்டையை அவர் பைக்குள் திரும்ப வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"உள்ள போயி கேளும்மா."